வேட்டையாட வந்தவன் இரையோடு எப்படி ஒட்டிக்கொள்வான்? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்

சுங்கை வாசி:

போன சந்திப்பில் சிங்கப்பூர் தேக்கா டீக்கடையில் ஆரம்பித்த சண்டையை இங்கே தொடர்கிறேன். ‘பிரிடேட்டர்’ படங்களை வைத்து நம் ஆட்கள் எழுதும் கதைகளில் பாதி ஒரே அச்சு. வேற்றுக்கிரகத்திலிருந்து ஒரு வேட்டைக்காரன் இறங்குகிறான், ஒரு பெண்ணைத் துரத்துகிறான், மூலையில் மடக்குகிறான், அவள் கண்ணைப் பார்த்ததும் மனசு இளகிவிடுகிறது. ஏன் இளகியது என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியவில்லை. கொல்வதற்கென்று அத்தனை தூரம் வந்தவனுக்கு நம் கண் மட்டும் எப்படி அழகாகத் தெரியும்?

அதனால் ஒரு நிபந்தனை. கற்பனையை அவிழ்த்துவிடும் முன், ஏதாவது ஓர் உயிர் உங்களை இரையாகப் பார்த்த அனுபவம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். தெருநாய் துரத்தியதும் சேர்த்தி. உங்கள் வேட்டைக்காரனை அதிலிருந்து கட்டுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பாலத்துக்கு நேர் கீழே உவர்நீர் முதலை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. மேலே பள்ளிப் பிள்ளைகள் கத்துகிறார்கள், கைப்பேசிகள் நீள்கின்றன. மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும் வெளியே. நீர் இழுத்த போதும் அது இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணின் மேல் ஒரு மெல்லிய சவ்வு பக்கவாட்டில் வந்து மூடித் திறந்தது, அவ்வளவுதான் அசைவு. என்னைப் பற்றி எந்த அபிப்பிராயமும் அந்தக் கண்ணில் இல்லை. கோபமும் இல்லை. அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் கப்பலேறி வந்தால் அவனை எதை வைத்து இளக்குவீர்கள்? இதுதான் என் கேள்வி.

வடிகால்:

அண்ணே, எனக்கு வேலை துவாஸ் பக்கம். மழைக்காலத்தில் சைட்டில் வடிகால் அடைத்துக்கொண்டால் இறங்கிக் குப்பையை வாருவது எங்கள் பாடு. ஒரு நாள் குழாய் வாய்க்குள் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. நல்ல தடிமன், உடம்பு முழுக்க வலை வலையாகக் கோலம். நான் உறைந்து நின்றேன். அது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையுறையைக் கழற்றியிருந்தேன், அந்தக் கையைத்தான் பார்த்தது. கையை மெதுவாக இடப்பக்கம் கொண்டுபோனால் தலையும் இடப்பக்கம் வருகிறது. முதுகுக்குப் பின்னால் மறைத்தேன், தலை நின்றுவிட்டது.

அப்புறம் விலங்கு பிடிப்பவர்கள் வந்து சாக்கில் போட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் அதன் உதட்டோரம் இருந்த சின்னச் சின்னக் குழிகளைக் காட்டினார். சூட்டை உணரும் குழிகளாம். இருட்டில் எலி பிடிப்பது அதை வைத்துத்தான். அதாவது அந்தப் பாம்புக்கு நான் என்றால் சூடாக ஒரு கை, அவ்வளவுதான். பேர், ஊர், வொர்க் பெர்மிட் எதுவும் வேண்டாம்.

என் வேட்டைக்காரனை அதை வைத்துக் கட்டுகிறேன். அவனுக்கு வெப்பப் பார்வை. விடுதி வாசலில் வேலையாட்கள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிகிறார்கள், ஒருத்தனின் கணுக்கால் மட்டும் பிரகாசமாக இருக்கிறது. கம்பி குத்தி உள்ளே சீழ் பிடித்திருக்கிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சம்பளம் போகும். அவனுக்கே இன்னும் முழுசாகத் தெரியாத காய்ச்சல் வேட்டைக்காரனுக்குத் தெரிகிறது. நோயாளியைக் கொல்வது அவன் குலத்துக்கு அவமானம். சரி, ஆறட்டும் என்று காத்திருக்கிறான். தினமும் ராத்திரி கூரை மேல் உட்கார்ந்து அந்தக் காலைப் பார்க்கிறான். ஒரு நாள் வெளிச்சம் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் அண்ணே. அவன் இளக வேண்டியதே இல்லை. காத்திருந்தால் போதும்.

சுங்கை வாசி:

வடிகால், இதை முழுக் கதையாக எழுதாமல் விட்டால் சண்டைக்கு வருவேன். ‘பிரிடேட்டர்’ படங்களில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1987 படத்தில் ஆயுதம் இல்லாத பெண்ணை அவன் தொடுவதில்லை. 1990 படத்தில் கர்ப்பிணி என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறான். அந்தப் படங்கள் இதை ஒரு நொடி விதியாகக் காட்டிவிட்டுத் தாண்டிவிட்டன. விதி காத்திருப்பாக மாறினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

அகச்சிவப்பு:

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபம். வெப்பப் பார்வைக்காரன் வேட்டைக்குத் தேர்ந்தெடுக்கவே கூடாத ஊர் சிங்கப்பூர். மத்தியானம் காற்று 32 டிகிரி. நம் தோலின் சூடு சுமார் 33, 34. வெயில் பட்ட சுவர் நம்மைவிடச் சூடு. பட்டப்பகலில் சிராங்கூன் சாலையில் நின்றால் அவனுக்கு மனிதர், சுவர், சாலை எல்லாம் ஒரே கூழ். மால் வாசலில் இன்னும் வேடிக்கை. ஏர்கானில் குளிர்ந்த தோலோடு வெளியே வருகிறவர்கள் சுற்றுப்புறத்தைவிட இருட்டாகத் தெரிவார்கள். ஒரு நிமிடம் நடந்ததும் மெல்லக் கரைந்து காணாமல் போவார்கள்.

இன்னொன்று, கண்ணாடி. உடல் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. எம்ஆர்டி ரயில் பெட்டிக்குள் ஆயிரம் பேர் இருந்தாலும் வெளியே நிற்பவனுக்கு அது ஓடும் சுவர்தான். 1987 படத்தில் வருகிற மாதிரி சேற்றைப் பூசி ஒளிவதெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு. சேறும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

ஆக, இந்த ஊர்ப் பகலில் அவன் பாதிக் குருடன். குருடனுக்கு வழிகாட்டி தேவை. உறவு என்றால் அங்கிருந்துதான் வரும், தேவையிலிருந்து. பாசமெல்லாம் அப்புறம்.

வடிகால்:

எங்களை ஏற்றிப்போவது லாரி தம்பி. பின்னால் திறந்துதான் இருக்கும், கண்ணாடிக்கு எங்கே போவது?

அகச்சிவப்பு:

அது நியாயம்.

தெக்கோங் தூக்கம்:

தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், தெக்கோங் தீவுக் காட்டில் ராத்திரி. முகத்தில் பச்சைச் சாயம், கொசு, கண்ணைச் சுற்றும் தூக்கம். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. நெருங்கி வந்தது. நான் படத்தில் வரும் அத்தனை சாவையும் ஒரு ரவுண்டு நினைத்துப் பார்த்துவிட்டேன். காட்டுப்பன்றி. என் பையைக் கிழித்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போய்விட்டது, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உறவுக்கு வாய்ப்பே தராத வேட்டை. வேற்றுக்கிரகவாசியும் பிஸ்கட்டுக்குத்தான் வருவான் என்பது என் கட்சி.

நெல்லைக்காரி:

புக்கிட் தீமாவில் குரங்கு பையைப் பிடுங்கியது தவிர எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் படம் படம் என்று பேசுவதைப் பார்த்தால் கையும் நாக்கும் ஒருசேரத் துடிக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருக்குறுங்குடி. அங்கே இந்தக் கதையைக் கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி ராத்திரியில் கோயிலிலேயே நாடகமாக ஆடுகிறார்கள். கைசிக நாடகம்.

நம்பாடுவான் என்று ஒரு பாணர். விரதமிருந்து, ராத்திரியில் அந்தக் கோயில் பெருமாளான நம்பியைப் பாடப் போகிறார். வழியில் பிரம்மராட்சசன் மறித்துப் பிடிக்கிறான். பல நாள் பசி. “இன்றைக்கு நீதான் சாப்பாடு” என்கிறான். நம்பாடுவான் உயிருக்கு மன்றாடவில்லை. “பாடிவிட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் தின்னு” என்கிறார். எந்த ராட்சசன் நம்புவான்? சத்தியத்துக்கு மேல் சத்தியமாகப் பதினெட்டு சத்தியம் செய்கிறார். கடைசியில் விடுகிறான். அவர் போய் விடிய விடியப் பாடிவிட்டுத் திரும்புகிறார். வழியில் ஒரு கிழவர், “ஏனப்பா அந்தப் பக்கம் போகிறாய், ஓடிப்போ” என்கிறார். கேட்கவில்லை. நேரே ராட்சசன் முன்னால் போய் நின்று, “வந்துவிட்டேன், சாப்பிடு” என்கிறார்.

இங்கேதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். ராட்சசனுக்குப் பசி போய்விடுகிறது. “உன் பாட்டின் பலனைக் கொடு” என்று கெஞ்ச ஆரம்பிக்கிறான். அவர் மாட்டேன் என்கிறார். “உயிரைத்தான் தருவதாகச் சொன்னேன், பாட்டைத் தருவதாகச் சொல்லவில்லையே.” முழுசாகக் கேட்டவன் பாதிக்கு இறங்குகிறான், பாதியிலிருந்து ஒரே ஒரு பாட்டுக்கு இறங்குகிறான். காய்கறிக் கடையில் நடக்கிற பேரம் மாதிரியே இருக்கும். கடைசியில் கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனைக் கொடுக்கிறார், ராட்சசனின் சாபம் தீர்கிறது.

சுங்கை வாசி அண்ணா, எதை வைத்து இளக்குவீர்கள் என்று கேட்டீர்களே. திரும்பி வந்ததை வைத்து. ஓடுகிற இரையைத்தான் அவன் ஆயுசு முழுக்கப் பார்த்திருப்பான். தானே நடந்து வந்து நிற்கிற இரையை என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

கம்போங் கிளாம் பேரன்:

அக்கா, எங்களிடமும் ஒன்று இருக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் வலையில் பெண்மான் மாட்டிக்கொள்கிறது. குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிறது, நபிகள் நாயகம் பிணை நிற்கிறார். மான் குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறி மானை விட்டுவிடுகிறான். என் பாட்டனார் இதைச் சொல்லும்போது குட்டி வரும் இடத்தில் குரலை இறக்குவார். அங்கே நடுவில் பிணைக்கு ஒருவர் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம். வேற்றுக்கிரகவாசிக்கு நம்மில் யார் பிணை நிற்பது?

சுங்கை வாசி:

இந்த இரண்டு கதைக்கும் நான் தலை வணங்குகிறேன், ஒரே ஒரு முணுமுணுப்போடு. நம் ரசிகர்கள் 1990 படத்தின் முடிவில் கிழட்டு வேட்டைக்காரன் 1715 என்று பொறித்த துப்பாக்கியைக் கொடுப்பதையும், 2004இல் வந்த ‘ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்’ படத்தில் பெண்ணின் கன்னத்தில் அமிலத்தால் குறி போடுவதையும் உறவுக்கு அத்தாட்சி என்பார்கள். எனக்கு அது உறவாகப் படவில்லை. புலியோடு பொருது செத்தவனுக்கு நம் ஊரில் நடுகல் நட்டார்களே, அந்த மரியாதைதான் இது. மரியாதை செய்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். ராட்சசன் பேரம் பேசினானே, அதில் இருக்கும் ஒட்டுதல் இந்தப் பரிசில் இல்லை.

பழைய வரைபடம்:

குறுக்கே ஒரு வரலாறு. 1835இல் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் இங்கே காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்தபோது ஒரு புலி பாய்ந்தது. அவரோடு இருந்தது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். புலி ஆளை விட்டுவிட்டு முக்காலியில் நின்ற அளவைக் கருவியைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிட்டது. அந்தக் காட்சியை வைத்துச் செதுக்கிய படம் நம் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இந்தத் தீவின் கடைசிக் காட்டுப்புலியை 1930இல் சுவா சூ காங்கில் சுட்டார்கள்.

என் ஊகம்: கூட்டத்துக்குத் தலைவன் அந்த மூன்று கால்காரன்தான் என்று புலி நினைத்திருக்கும். வேற்றுக்கிரகவாசியும் முதலில் நம் கைப்பேசியைத்தான் வேட்டையாடுவான். எது எஜமான், எது அடிமை என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

பயப்படாத ஆடு:

இரை திரும்பி வருவதுகூட வேண்டாம், பயப்படாமல் இருந்தாலே போதும். ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஒரு சஃபாரி பூங்காவில் 2015இல் ஆமூர் என்ற புலிக்கு உயிரோடு ஓர் ஆட்டைத் தீனியாக விட்டார்கள். அந்த ஆட்டுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. புலி படுக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புலி கூரை மேல் போய்ப் படுத்தது. ஆட்டுக்கு தைமூர் என்று பேர் வைத்தார்கள், இரண்டும் சேர்ந்து நடந்தன. அடுத்த ஜனவரியில் ஆடு அளவுக்கு மீறிச் சீண்டவே, புலி கழுத்தைக் கவ்வித் தூக்கி எறிந்தது. பிரித்துவிட்டார்கள்.

சோகமான கதை வேண்டுமென்றால் கென்யாவின் சம்புருவில் கமுன்யாக் என்ற பெண்சிங்கம். ஓரிக்ஸ் மான்கன்று ஒன்றைப் பிள்ளையாக வைத்துக்கொண்டது. கன்றை விட்டு வேட்டைக்குப் போக முடியாமல் பட்டினி கிடந்தது. கொஞ்சம் அசந்த நேரத்தில் ஓர் ஆண்சிங்கம் வந்து கன்றைக் கொன்று தின்றுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் எல்லாரும் வேட்டைக்காரன், இரை என்று இரண்டு பேரை மட்டும் வைத்தே பேசுகிறோம். கமுன்யாக்குக்கும் கன்றுக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லை. கெடுத்தது மூன்றாவது ஆள், அதுவும் சொந்த ஜாதி. உங்கள் வேட்டைக்காரனுக்கும் சொந்தபந்தம் இருக்கும். அவர்கள் வந்து நின்றால் என்ன சொல்வான்?

வடிகால்:

இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு நாளாக எழுதாமல் வைத்திருந்தேன். என் கதையில் இன்னொரு கப்பல் வருகிறது. இறங்கியவர்கள், “ஏன் இன்னும் கொல்லவில்லை?” என்று கேட்கிறார்கள். பொய் சொல்லாத குலம் அது. இவன், “இன்னும் ஆறவில்லை” என்கிறான். கால் ஆறி ரொம்ப நாளாகிவிட்டது.

அகச்சிவப்பு:

அண்ணே, வந்தவர்களுக்கும் அதே கண்தானே? கால் ஆறியது அவர்களுக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுமே.

வடிகால்:

தெரியும் தம்பி. அதனால்தான் அன்றைக்குக் காலையில் அந்த வேலையாளை லாரியில் ஏற விடாமல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறான். நீங்கள் சொன்ன கண்ணாடி. அவன் பஸ் கார்டில் காசு போட்டது யார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.