எழுதியவர் கூடவே இருந்தும் கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஏன் அப்படி முடிந்தது? மார்ட்டினுக்கு அங்கே என்னதான் வேலை?

இரவல்புத்தகம் கேட்டது:

ஊரே பார்த்து முடித்த பிறகுதான் நான் ஆரம்பித்தேன், சிரிக்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, எட்டு சீசன், 73 எபிசோடு, ஒருவழியாகப் போன வாரம் முடித்தேன். முதல் நான்கு சீசன் வரை தூக்கம் போனதே தெரியவில்லை. கடைசி இரண்டும் எனக்கு ஒட்டவே இல்லை. முன்னே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக அரை சீசன் ஆகும், வழியில்தான் பாதிக் கதையே நடக்கும். பின்னே பார்த்தால் பஸ் பிடித்துப் போய் இறங்குகிற மாதிரி இறங்குகிறார்கள்.

என் கேள்வி வேறு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பெயர் டைட்டிலில் வருகிறது, கதை அவருடையது என்று மட்டுமல்ல, கோ எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் என்றும் வருகிறது. சொந்தக்காரரே பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் தடுக்கவில்லை? பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டாரா, இல்லை சொல்லியும் கேட்கவில்லையா? நாவல் எழுதியவருக்கு ஒரு சீரியலில் உண்மையில் என்ன வேலை, என்ன அதிகாரம்? எல்லாம் பார்த்தாச்சு, கதையை யாரும் மறைக்க வேண்டாம்.

பழுப்புத்தாள் பதில்:

முதலில் ஒன்று. மார்ட்டின் டிவி தெரியாத அப்பாவி எழுத்தாளர் இல்லை. எண்பதுகளில் த ட்வைலைட் ஸோன் மறுபடி எடுக்கப்பட்டபோது அங்கே ஸ்டாஃப் ரைட்டர், அப்புறம் பியூட்டி அண்ட் த பீஸ்ட் தொடரில் எழுத்தாளராகச் சேர்ந்து தயாரிப்பாளர் வரை ஏறியவர். அங்கே அவர் எழுதிக் கொடுத்ததற்கெல்லாம் ஒரே பதில்தான், நன்றாக இருக்கிறது, ஆனால் பட்ஜெட் தாங்காது, ஆளைக் குறை, சண்டையைக் குறை. அந்த எரிச்சலில்தான், இனி எவனும் குறைக்கச் சொல்ல முடியாது என்று, ஆயிரக்கணக்கில் படையும் ஆகாயம் முட்டும் கோட்டையும் டிராகனுமாக நாவலைத் தொடங்கினார். 1996இல் முதல் புத்தகம். படமாக எடுக்கவே முடியாதபடி எழுதியதைத்தான் கடைசியில் படமாக எடுத்தார்கள், அதுதான் வேடிக்கை.

சினிமாக்காரர்கள் முன்பே வந்தார்கள். அத்தனையையும் ஒரே படத்துக்குள் அடைக்க வேண்டும் என்றார்கள், இவர் தரவில்லை. 2006இல், பின்னாளில் தொடரை எடுத்த டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, ஒரு கட்டத்தில் இவர் கேட்டாரே ஒரு கேள்வி, ஜான் ஸ்னோவின் அம்மா யார்? புத்தகத்தில் எங்கேயும் நேராகச் சொல்லாத விஷயம். அவர்கள் சரியாகச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் ஒரு நாவலாசிரியருடைய ஆகப் பெரிய அதிகாரம் அந்தச் சாப்பாட்டு மேசையோடு சரி. யாரிடம் கொடுப்பது என்பது வரைக்கும் அவர் ராஜா, கையெழுத்துப் போட்ட பிறகு அவர் விருந்தாளி.

அந்தப் பட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்க டிவியில் கோ எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் என்பவர் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசருக்கு ஒரு படி கீழே. கடைசி வார்த்தை ஷோரன்னருடையது, அதாவது தொடரை முழுசாக நடத்துகிறவருடையது, இங்கே பெனியாஃபும் வைஸும். அவர்களுக்கும் மேலே சேனல், இங்கே எச்பிஓ. மார்ட்டின் இருப்பது நியூ மெக்சிகோவில் சாண்டா ஃபே, பெரும்பகுதி வேலை நடந்தது வடக்கு அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட். இவர் நடிகர் தேர்வில் கருத்துச் சொல்வார், கேட்டால் விளக்கம் சொல்வார், முதல் நான்கு சீசனில் வருஷத்துக்கு ஒரு எபிசோடு எழுதிக் கொடுப்பார். முதல் சீசனில் எட்டாவது, இரண்டில் ஒன்பதாவது, மூன்றில் ஏழாவது, நான்கில் இரண்டாவது.

அந்த இரண்டாம் சீசன் ஒன்பதாவது, பிளாக்வாட்டர், அதை மட்டும் மறுபடி பாருங்கள். புத்தகத்தில் தலைநகரைக் காக்கிற டிரியன் ஊரில் உள்ள கொல்லர்களை எல்லாம் கூப்பிட்டு, வாளும் கவசமும் அப்புறம், முதலில் இந்தச் சங்கிலியைச் செய்யுங்கள் என்று சொல்வான். எதற்கு என்று நமக்கும் தெரியாது. பல அத்தியாயம் கழித்துத்தான் தெரியும், படையெடுத்து வரும் ஸ்டானிஸின் கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைந்த பிறகு பின்னால் அந்தச் சங்கிலியை இழுத்து உயர்த்தி வாயை அடைத்து, உள்ளே பச்சைத் தீ. அந்த எபிசோடின் திரைக்கதை மார்ட்டினே எழுதியது. அதில் சங்கிலி கிடையாது! ஆளில்லாத ஒரே ஒரு கப்பல் மிதந்து வரும், அதிலிருந்து பச்சைத் திரவம் ஒழுகும், பிரான் ஒரு தீ அம்பு விடுவான், முடிந்தது. தன் சங்கிலியைத் தானே அறுத்து எடுத்தார் மனுஷன். பழைய டிவிக்காரர் இல்லையா, எதைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

(இவன் பிரான் கூலிப்படைக்காரன், ஸ்டார்க் வீட்டுப் பையன் பிரான் இல்லை, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.)

அவர் விடாமல் குறைப்பட்டுக்கொண்டது வேறொன்று. முதல் சீசனில் ராபர்ட் ராஜா காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார் ஞாபகம் இருக்கிறதா? ஒரு ராஜாவின் வேட்டை என்றால் கூடாரம், நாய்கள், நூற்றுக்கணக்கில் ஆட்கள், கொம்பு ஊதுவது, குதிரைகள். டிவியில் நாலு பேர் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு காட்டில் நடந்து போகிறார்கள், ஏதோ விறகு பொறுக்கப் போகிற மாதிரி. தொடரிலேயே தனக்குப் பிடிக்காத காட்சி அதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

மூன்றுமணிக்காப்பி பதில்:

இவ்வளவு பேசுகிறோமே, தப்பு யார் மேல்? ஐந்தாவது புத்தகம் 2011 ஜூலையில் வந்தது. தொடர் ஆரம்பித்தது அதே வருஷம் ஏப்ரலில். தொடர் 2019 மே மாதம் முடிந்தே போனது, ஆறாவது புத்தகம் வரவில்லை, இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சமையல்காரர் மாவே அரைக்காமல், தோசை சரியாக வார்க்கவில்லை என்று பரிமாறுகிறவரைத் திட்டினால் எப்படி? அந்த இரண்டு பேரும் புத்தகம் இருந்தவரை ஒழுங்காகத்தான் எடுத்தார்கள்.

பழுப்புத்தாள் பதில்:

@மூன்றுமணிக்காப்பி, பாதி சரி. 2016 ஜனவரி 2ஆம் தேதி அவரே வலைப்பதிவில் ஒப்புக்கொண்டார், புத்தகம் முடியவில்லை, தொடர் தன்னைத் தாண்டிப் போகப்போகிறது என்று. 2015 அக்டோபர் கடைசிக்குள் கொடுத்திருந்தால் ஆறாவது சீசனுக்கு முன் அச்சாகியிருக்கும். அது தவறியது, வருஷக் கடைசி என்றார்கள், அதுவும் தவறியது. ஐந்தாவது சீசனிலிருந்து திரைக்கதை எழுதுவதை அவர் நிறுத்தியதே புத்தகத்தை முடிக்கத்தான். புத்தகமும் முடியவில்லை, அங்கே இருந்த இடமும் போயிற்று.

ஆனால் புத்தகம் இருந்த காலத்திலேயே அவர் பேச்சு எடுபடாத இடம் உண்டு. ஸ்டார்க் வீட்டு அம்மா கேட்லின் செத்துப் பிழைத்து, தொண்டை அறுபட்ட கோலத்தில், பேசவும் முடியாமல், பழிவாங்கக் கிளம்புவாள், மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வருகிறது. நான் முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அதை வைக்க வேண்டும் என்று அவர் வாதாடினார், ஷோரன்னர்கள் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

கல்மண்டபம் பதில்:

இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. 2013இலேயே பெனியாஃபும் வைஸும் சாண்டா ஃபேவுக்குப் போய் அவரோடு பல நாள் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஹோடோர் என்ற பெயருக்கு அர்த்தம், ஸ்டானிஸின் மகள் ஷிரீனை எரிப்பது, கடைசியில் சிம்மாசனம் யாருக்கு, இதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். ஆக, போய்ச் சேர வேண்டிய ஊர் எது என்று சொல்லிவிட்டார், போகிற வழியை எழுதி முடிக்கவில்லை. இந்தக் கதையில் சுவையே வழிதானே. இரவல்புத்தகம் சொன்ன பஸ் சமாச்சாரம் அங்கேயிருந்துதான் வருகிறது.

அவசரத்துக்கும் அவர் பொறுப்பில்லை. ஏழாவது சீசன் ஏழு எபிசோடு, எட்டாவது ஆறு. குறைந்தது பத்து சீசன் வேண்டும் என்று நியூயார்க் போய் எச்பிஓ தலைவரோடு சாப்பிட்டுக்கொண்டே மன்றாடினார் என்று அவருடைய ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். சேனல் கூடுதல் எபிசோடுக்குத் தயாராகத்தான் இருந்தது, முடித்துக்கொள்ள நினைத்தது ஷோரன்னர்கள். ஐந்து, ஆறாவது சீசன் வந்தபோதே தான் கிட்டத்தட்ட வெளியே இருந்ததாக 2022இல் அவரே சொன்னார். யாரும் விரட்டவில்லை, கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

சரி, புத்தகம் முழுசாக இருந்தால் எல்லாம் சுகமா? இதற்கு முன்கதையாக வந்த ஹவுஸ் ஆஃப் த டிராகன் தொடரைப் பாருங்கள். மூலநூல் 2018இல் வந்தாயிற்று, அந்தக் கதை நூலில் முடிந்தும்விட்டது. இவர் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர், ரயன் காண்டலோடு சேர்ந்து உருவாக்கியவர் என்ற பெயரும் உண்டு. பட்டமும் உயர்ந்தது, புத்தகமும் இருக்கிறது. அப்படியும் 2024 செப்டம்பரில் என்ன ஆயிற்று? மேய்லர் என்று ஒரு குட்டிப் பையன், ராணி ஹெலேனாவின் இளைய மகன். புத்தகத்தில் கொலைகாரர்கள் அவளிடம், இரண்டு மகன்களில் யாரைக் கொல்வது என்று நீயே சொல் என்பார்கள். அவள் சின்னவனைச் சொல்வாள், அவர்கள் பெரியவனைக் கொல்வார்கள். அப்புறம் அந்தப் பிஞ்சு, அம்மா தன்னைத்தான் சாகக் கொடுத்தாள் என்பதோடு வளர வேண்டும். டிவியில் அந்தப் பையனே பிறக்கவில்லை. சின்ன மாற்றம்தானே என்று தோன்றும். மார்ட்டின் வலைப்பதிவில் நீளமாக எழுதினார், இவனை எடுத்தால் பின்னால் இன்னின்ன சரியும் என்று. பின்னால் பிறப்பான் என்று முதலில் சொல்லிவிட்டு அதையும் விட்டுவிட்டார்கள் என்பது அவர் குறை. பதிவு சில மணி நேரத்தில் காணாமல் போனது. கதைக்குச் சொந்தக்காரர், நிகழ்ச்சியில் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர், தன் கதையில் ஒரு குழந்தையைக் காணோம் என்று சொல்லத் தன் சொந்த வலைப்பதிவைத்தான் நம்ப வேண்டியிருந்தது, அதுவும் நிற்கவில்லை.

இரவல்புத்தகம்:

அட, இவ்வளவு இருக்கிறதா. பாவம், நான் பணத்தை வாங்கிக்கொண்டு என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் எழுதியவர் பேச்சு எடுபட்ட ஃபேன்டசித் தொடரே கிடையாதா?

நாலுமுழவேட்டி பதில்:

எடுபடாததில் இதைவிட மோசம் உண்டு சார். அர்சுலா லெ குவின் என்ற எழுத்தாளர், அவருடைய எர்த்ஸீ நாவல்கள். 2004 டிசம்பரில் ஸை ஃபை சேனலில் தொடராக வந்தது. அவருடைய நாயகன், கெட் என்று பெயர், செம்பழுப்பு நிறத்தவன், அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் கறுத்தவர்கள், பழுப்பு நிறத்தவர்கள், அதை யோசித்துத்தான் வைத்தார். டிவியில் வெள்ளைக்காரப் பையன். ஒப்பந்தத்தில் இவர் ஆலோசகர்! ஆலோசகர் என்றால் யாரும் ஆலோசனை கேட்க மாட்டார்கள் என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்லேட் பத்திரிகையில் வெளுத்து வாங்கினார், தேடிப் படியுங்கள்.

எடுபட்டதற்கு ரிக் ரியார்டன். அவருடைய பெர்சி ஜாக்சன் நாவல் முதலில் 2010இல் சினிமாவாக வந்தது. அதற்கு முந்தின வருஷமே திரைக்கதையைப் படித்துவிட்டு, பன்னிரண்டு வயசுப் பையனைப் பதினேழு ஆக்காதீர்கள், படிக்கிற பிள்ளைகள் மன்னிக்க மாட்டார்கள் என்று கடிதம் எழுதினார், யாரும் கேட்கவில்லை. அந்தக் கடிதங்களைப் பிற்பாடு தன் தளத்திலேயே போட்டார். இரண்டு படத்தோடு நின்றது. அப்புறம் டிஸ்னி பிளஸ் தொடர், 2023 டிசம்பர். இந்தத் தடவை மனைவியும் அவரும் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர்கள், முதல் எபிசோடு திரைக்கதையில் அவர் பெயரும் உண்டு, பெர்சிக்குப் பன்னிரண்டு வயசு. ஆள் மாறவில்லை, புத்தகம் மாறவில்லை. ஒருமுறை சூடு பட்டவர் உள்ளே நாற்காலி போட்டுக்கொண்டுதான் மறுபடி ஆரம்பித்தார்.

மூன்றுமணிக்காப்பி பதில்:

ரியார்டன் வருஷம் தவறாமல் புத்தகம் கொடுக்கிற ஆள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் தோசையை விடுவதாக இல்லை.

கல்மண்டபம் பதில்:

விடாதீர்கள். ஒரு துணுக்கு மட்டும். எச்பிஓ வெள்ளோட்டமாக எடுத்த முதல் பைலட் எபிசோடில், மொராக்கோவில் எடுத்த டெனேரிஸ் கல்யாணக் காட்சியில், மார்ட்டின் பெரிய தொப்பி வைத்துக்கொண்டு கல்யாண வீட்டு விருந்தாளியாக நடித்தார். பிறகு நடிகை மாறி, எமிலியா கிளார்க் வந்து, அந்தக் கல்யாணத்தை மால்டாவில் திரும்ப எடுத்தார்கள். பழைய கல்யாணத்தோடு அவரும் போய்விட்டார்.

இரவல்புத்தகம்:

அந்தத் தொப்பிப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன், பாவமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. சங்கிலிக்காகவே இரண்டாவது புத்தகத்தை இரவல் கேட்டிருக்கிறேன். முதலிலிருந்தே படிப்பது நல்லதா?

பழுப்புத்தாள் பதில்:

முதலிலிருந்தே. பன்றி வேட்டைக்கும் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாவதை மட்டும் மெதுவாகப் படியுங்கள், அவசரமே இல்லை.