உச்சத்துல 100, இப்போ 20: இந்த டெக் ஷேரை இன்னும் வாங்கலாமா?

கோலிக்குண்டு:
சிப் செய்யற கம்பெனி ஒண்ணோட ஷேர் கையில இருக்கு. பெயரைச் சொன்னா ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்குவீங்க, வேண்டாம். உச்சத்துல 100ன்னு வச்சா இப்போ 20. நான் 55ல வாங்கினேன். மூணு காலாண்டா நஷ்டம், ஆள்குறைப்பு, போன மாசம் புது சிஇஓ. அடுத்த வருஷக் கடைசியில புது சிப் வருதாம். இதுக்கு மேல எங்க விழப்போகுதுன்னு மனசு அரிக்குது. இன்னும் கொஞ்சம் வாங்கி, வாங்கின சராசரி விலையைக் குறைச்சு ஆவரேஜ் பண்ணலாமா? பி/இ, அதாவது ஷேர் விலை லாபத்துக்கு எத்தனை மடங்குங்கற கணக்கு, பார்க்கலாம்னா, லாபமே இல்லாதவனுக்கு ஏது பி/இ!

பழைய கணக்கு:
எங்க விழுமா? 20ல இருந்து 10க்கு. உச்சத்துல இருந்து பார்க்கறவனுக்கு அது வெறும் பத்து, இன்னிக்கு வாங்கறவனுக்குப் பாதிப் பணம். அந்த 55 உங்க டைரியில மட்டும்தான் இருக்கு, அடிச்சு விட்டுடுங்க.

ஆண்டறிக்கையில பின்பக்கமா போங்க. சிஇஓ கடிதம், பளபள படமெல்லாம் தாண்டி, கடன் பத்தின குறிப்புல வருஷவாரியா ஒரு அட்டவணை இருக்கும். எந்த வருஷம் எவ்வளவு திருப்பித் தரணும்னு அதுல தெரியும். பக்கத்துல புது சிப் காசு கொண்டுவரப் போற வருஷத்தை எழுதுங்க. எது முந்துது?

சிப் செய்யற ஏஎம்டி கம்பெனி ஷேர் 2015ல 2 டாலருக்குக் கீழ கிடந்துது. எல்லாரும் அதோட சிஇஓ லிசா சூவைப் புகழறாங்க, நியாயம்தான். ஆனா எனக்குக் கண்ணுல பட்டது வேற. 2014லேயே புதுக் கடன் வாங்கிப் பழசை அடைச்சு, 2019 வரைக்கும் பெரிய தவணை எதுவும் வராதபடி பண்ணிட்டாங்க. அவங்க புது சிப் ரைசன் கடைக்கு வந்தது 2017 மார்ச்ல. நடுவுல பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ரெண்டுக்கும் சிப் வித்த காசு அடுப்பை அணையாம பார்த்துக்கிச்சு. அதே கடன் 2016ல வாசல்ல வந்து நின்னிருந்தா ரைசன் எவ்வளவு நல்லா இருந்தும் வேற கதை.

இன்னொண்ணு, நஷ்டத்தைப் பிரிச்சுப் பாருங்க. மதிப்பு போச்சுன்னு கணக்குல மட்டும் எழுதித் தள்ளினது எவ்வளவு, நிஜமாவே பெட்டியை விட்டுப் போன காசு எவ்வளவு?

அரைத்தூக்கம்:
கடனை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. பிளாக்பெரி 2013ல கடனே இல்லாம, 200 கோடி டாலருக்கு மேல கையில வச்சிருந்த கம்பெனி. அந்த வருஷமே, முக்கியமா விக்காத இசட்10 போன்களுக்காக, ஒரே காலாண்டுல ஏறக்குறைய 93 கோடி டாலரை எழுதித் தள்ளினாங்க. விற்பனை இறங்கும்போது சரக்கு இருப்பு ஏறினா, குடோன்ல தூங்கற பொருளுக்கும் அறிக்கையில விலை போட்டு வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

நான் மாட்டினது வேற விதம். பணம் தீர்றப்போ எல்லாம் புது ஷேர் வெளியிட்டாங்க. கம்பெனி பிழைச்சுது, ஷேர் எண்ணிக்கை நாலு வருஷத்துல ரெண்டு மடங்காச்சு, என் பங்கு பாதியாச்சு. "நிறுவனம் மீண்டது"ன்னு செய்தி வந்த அன்னிக்கு நான் மட்டும் மீளலை.

கோலிக்குண்டு:
ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 143ஆம் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான். பெரிய தவணை, புது சிப் வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடி! சரக்கு இருப்பும் போன வருஷத்தை விட ஏறியிருக்கு. விற்பனை எந்தப் பக்கம் போகுதுன்னு நான் சொல்லணுமா?

பழைய கணக்கு:
இருக்கறதை வித்துடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது உங்க பாடு. புதுசா வாங்க மட்டும் பொறுங்க. அந்தத் தவணையை அடைக்கப் புதுக் கடன் வாங்கறாங்களான்னு பாருங்க. வாங்கினா, எத்தனை வட்டிக்குன்னு பார்த்துட்டு இங்க வந்து எழுதுங்க. கடன் கொடுக்கறவன் நம்மை விடப் பயந்தவன், பயம் ஏறினா வட்டியும் ஏறும்.

கோலிக்குண்டு:
சரிண்ணே. டைரியில 55ஐ அடிச்சுட்டு 143ஆம் பக்கம்னு எழுதி வச்சிருக்கேன்.