பாய்ப் படகின் அவசரப் பை: எங்கள் கரையின் அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

2019 ஜூலையில் ஒருநாள் காலை நானும் என் மச்சானும் இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்பு முகத்துவாரத்தை நோக்கிப் பாய் விரித்துப் புறப்பட்டோம். பதினெட்டு அடி ஃபைபர் படகு. பாய்மரமும் பாயும் நாங்களே பொருத்தியவை. எஞ்சின் இல்லை, இரண்டு துடுப்புகள் மட்டுமே இருந்தன. கரையை ஒட்டியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடினால் போதும் என்பதால், எங்கள் மனத்தில் அச்சம் எதுவும் இருக்கவில்லை.

அந்த மாதங்களில் இங்கே வீசும் கச்சானைப் பற்றிச் சொல்லாமல் அந்த நாளை விளங்கப்படுத்த முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையாகத் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி, வறண்ட காற்றாக எங்கள் கரைக்கு வருகிறது. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்பாது. கடல் வாவியைப் போல அடங்கிக் கிடக்கும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் உடைந்த படகைக் காற்று கரைக்குத் தள்ளும். கச்சானோ அதே படகை வெளியே கொண்டு போகும். கிழக்கே அடுத்த தரை நிக்கோபார் தீவுகள்தாம், 1,200 கிலோமீட்டருக்கும் அப்பால்.

பகல் இரண்டு மணியளவில் மரத்தைத் தாங்கி நின்ற கம்பிகளில் ஒன்று அறுந்து, மரம் பாயோடு கடலில் சாய்ந்தது. படகு ஒருபுறம் சரிந்து உள்ளே ஏறிய தண்ணீரில் எங்கள் இரண்டு கைபேசிகளும் பழுதாகிவிட்டன. அவசரப் பை ஒன்று எங்களிடம் இருந்தது. ஆனால் அது முன்பக்கத்தில், நங்கூரத்துக்கும் சுருட்டி வைத்த கயிற்றுக்கும் அடியில் கிடந்தது. நான் தண்ணீரை அள்ளி ஊற்ற, மச்சான் அதை வெளியே எடுக்க ஏறத்தாழ அரை மணிநேரம் ஆயிற்று. படகு மூழ்கியிருந்தால் பையும் எங்கள் கண் முன்னே அதனுடனேயே போயிருக்கும்.

பையைத் திறந்தபோது இன்னும் மனம் உடைந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரு லீற்றர் தண்ணீர், நனைந்து கூழாகிய பிஸ்கட், பெற்றரி கசிந்து பச்சை பூத்த டோர்ச், மூடி துருப்பிடித்துத் திறக்க மறுத்த மருந்துப் பெட்டி. இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. எங்களைக் காப்பாற்றியது பையின் பக்கப் பைக்குள் தற்செயலாகக் கிடந்த முகம் பார்க்கும் கண்ணாடி. மறுநாள் காலை வெயில் ஏறியதும், வடக்கே தெரிந்த, நாட்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கும் ஒரு பல நாள் படகை நோக்கி மச்சான் ஒரு கையை நீட்டி, இரண்டு விரல்களுக்கு நடுவே அந்தப் படகு தெரியும்படி பிடித்துக்கொண்டு, கண்ணாடியின் ஒளி அந்த விரல்களின் மேல் விழுமாறு திருப்பித் திருப்பி அசைத்தார். விரலில் ஒளி பட்டால் அதற்கு நேரே இருக்கும் படகிலும் படும் என்பதை அவருடைய தகப்பனார் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தப் படகு திரும்பியதைக் கண்ட கணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இன்று எங்கள் பை சுக்கானுக்குப் பக்கத்தில், கையெட்டும் இடத்தில், ஒரே இழுவையில் அவிழும் முடிச்சோடு இருக்கிறது. பை என்றாலும் உண்மையில் அது திருகு மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் பரல். பொருட்களை நிரப்பி, கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள் எறிந்து, ஒரு மணிநேரம் மிதக்கவிட்டு, உள்ளே ஒரு துளி ஈரமும் ஏறவில்லை என்று கண்ட பிறகே அதை ஏற்றுக்கொண்டோம். ஆளுக்கு நான்கு லீற்றர் வீதம் சிறு போத்தல்களில் தண்ணீர் வைக்கிறோம்; ஒரே கானில் வைத்தால் அது உடைந்தால் எல்லாம் போய்விடும். கருவாடு போன்ற உப்புள்ள உணவுகளை அறவே தவிர்த்துவிட்டோம். புரதமும் உப்பும் உடம்பிலிருக்கும் தண்ணீரைச் செலவழிப்பவை என்பதால் குளுக்கோஸ் பிஸ்கட்டும் இனிப்பும் மட்டுமே வைக்கிறோம். கடல் குமட்டலுக்கான மாத்திரையும் உண்டு; வாந்தியால் இழக்கும் தண்ணீரை நடுக்கடலில் மீட்க வழியில்லை. கைபேசிக்குத் தண்ணீர் புகாத உறை, விசில், கத்தி, வெயிலுக்கு நீல நிறப் படங்கு ஒன்று ஆகியவையும் இருக்கின்றன. உயிர்காப்பு அங்கியைப் பைக்குள் வைப்பதில்லை, அது உடம்பில்தான் இருக்க வேண்டும்.

1982 இல் ஸ்டீவன் கலகன் என்ற அமெரிக்கர் அட்லாண்டிக்கில் ஒரு மிதவையில் 76 நாட்கள் உயிரோடு இருந்தார். மூழ்கிக்கொண்டிருந்த தன் படகுக்குள் மீண்டும் இறங்கி அவர் எடுத்து வந்த அவசரப் பையில், கடல்நீரை வெயிலால் நன்னீராக்கும் கருவிகள் இருந்தன. அவரைப் பற்றி அறிந்தபோது, எங்கள் பையை வெளியே எடுக்க நாங்கள் பட்ட பாடுதான் என் நினைவுக்கு வந்தது.

கல்முனையிலிருந்து:

கல்லடி நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு என் வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வாப்பா முப்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். எஞ்சின் பழுதாகி மூன்று நாட்கள் மிதந்த அனுபவம் அவருக்கும் உண்டு. அந்த நாட்களில் அவரை வருத்தியது பசியன்று. அவர் சீனி வருத்தக்காரர். மாத்திரைகள் வீட்டில் இருந்தன. மூக்குக் கண்ணாடியும் முதல் நாளே கடலில் விழுந்துவிட்டதால், பெட்டியிலிருந்த மருந்தின் பெயரைக்கூட அவரால் வாசிக்க முடியவில்லை என்று சொல்லி இன்றும் கலங்குகிறார். ஆகவே, படகில் ஏறும் ஒவ்வொருவருடைய சொந்த மருந்தும் ஒரு வாரத்துக்கு, ஒரு பழைய மூக்குக் கண்ணாடி, உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள் நாலைந்து ஆகியவற்றைத் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீவனியைக் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அடையாள அட்டையின் பிரதியையும் படகின் பதிவுப் பத்திரத்தின் பிரதியையும் பிளாஸ்டிக்கில் ஒட்டி வைப்பதை வாப்பா கட்டாயம் என்கிறார். நீரோட்டம் வேறொரு நாட்டின் கரையில் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டால், நீங்கள் யார் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

வாழைச்சேனையிலிருந்து:

நான் பல நாள் படகில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவன். தேடப்படுகிறவரின் கண்ணால் நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். மேல்தளத்தில் நிற்கும் எங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை நான் எழுதுகிறேன். காற்று எழும்பிய கடலில் வெள்ளைப் படகு நுரையோடு கலந்துவிடும், நீலப் படங்கு கடலோடு கலந்துவிடும். செம்மஞ்சள் நிறம் ஒன்றே வெகுதூரம் தெரியும்.

ஒருமுறை மூன்று இளைஞர்களை ஒரு சிறு பாய்ப் படகிலிருந்து ஏற்றினோம். அவர்களிடம் கையில் பிடித்து எரித்து உதவி கேட்கும் அவசர ஒளிக்குச்சிகளான கைத்தீப்பந்தங்கள் நான்கு இருந்தன. எமது ஊர்க் கடையில் எளிதில் கிடைக்காத அந்தப் பொருளைச் சிரமப்பட்டு வாங்கியவர்கள், பயத்தில் முதல் மணிநேரத்திலேயே, கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு படகும் இல்லாதபோது, நான்கையும் எரித்துவிட்டார்கள். ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிடமே எரியும். படகொன்றைக் கண்ட பிறகோ, விமானத்தின் சத்தத்தைக் கேட்ட பிறகோதான் கொளுத்த வேண்டும். அதையும் காற்று போகும் பக்கமாகக் கையை வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகி விழும் தணல் உங்கள் படகையே எரிக்கும். அவற்றில் அச்சிட்ட காலாவதித் திகதியையும் பாருங்கள். நாங்கள் அவர்களைக் கண்டது, ஒருவன் தன் செம்மஞ்சள் அங்கியைக் கழற்றித் துடுப்பின் நுனியில் கட்டி ஆட்டியதால்.

வசதியுள்ளவர்கள் 406 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் அவசர ஒலிபரப்புக் கருவியை வாங்கிப் பதிவு செய்யுங்கள். அது செயற்கைக்கோள் வழியாக உங்கள் இடத்தை அறிவிக்கும். படகில் பொருத்தும் வகை 48 மணிநேரமாவது இயங்கும், உடம்பில் கட்டும் சிறிய வகை 24 மணிநேரம். கையில் பிடிக்கும் கடல் வானொலி இருந்தால் அவசர அழைப்புக்கான 16 ஆம் அலைவரிசையில் கூப்பிடுங்கள். சிறு படகின் தாழ்வான உயரத்திலிருந்து அதன் அலை சில கிலோமீட்டர்தான் போகும் என்பதால், எங்களைக் காணும்வரை பெற்றரியை மிச்சம் பிடியுங்கள்.

மீண்டும் கல்லடியிலிருந்து:

வாழைச்சேனை அண்ணனுக்கு நன்றி. படங்கின் நிறத்தை நாங்கள் இருவருமே ஒருபோதும் யோசித்ததில்லை. மச்சான் இன்று பின்னேரம் நகரத்துக்குப் போய் செம்மஞ்சள் துணி நான்கு மீற்றர் வாங்கி வந்துவிட்டார். விளிம்பு மடித்துத் தைக்கச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்திருக்கிறோம். அவர் தன் தகப்பனாரின் பழைய மூக்குக் கண்ணாடி ஒன்றையும் தேடி எடுத்துப் பரலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.