மார்ச் நேட்டிவ் போட்டுக் கட்டியது பழைய லேப்டாப்பில் ஓடவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் இரண்டு கணினிகளிலும் ஜென்டூ (மென்பொருள்களை மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து நிறுவும் லினக்ஸ்) வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் ரைசன் 5000 வரிசை பிராசஸர், லேப்டாப்பில் 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜ். லேப்டாப்பில் ஒரு பிரவுசரைக் கம்பைல் செய்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் டெஸ்க்டாப்பிலேயே பைனரி பேக்கேஜாகக் கட்டி அங்கே கொண்டுபோய் நிறுவினேன். திறந்த உடனே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று நின்றுவிடுகிறது.

காரணம் புரிகிறது. எந்தப் பிராசஸருக்காகக் கட்ட வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் மார்ச் (-march) என்ற இடத்தில் நேட்டிவ், அதாவது 'இதே கணினிக்கு' என்று போட்டிருந்தேன். ஜிசிசி கம்பைலர், கட்டுகிற கணினியின் பிராசஸரைப் பார்த்து ஏவிஎக்ஸ்2 என்ற புதிய பிராசஸர் கட்டளைகளையும் சேர்த்துவிட்டது. ஐவி பிரிட்ஜுக்குப் பழைய ஏவிஎக்ஸ் மட்டும்தான் தெரியும். என் அவசரம், வேறென்ன. நல்லவேளை, கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் (glibc) கை வைக்கவில்லை, வைத்திருந்தால் ஒரு கட்டளைகூட ஓடியிருக்காது.

சரி, இப்போது கேள்வி. லேப்டாப்புக்கென்று ஐவிபிரிட்ஜ் எனக் குறிப்பிட்டுத் தனியாகக் கட்டவா, இல்லை இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்86-64-வி2 (ஏவிஎக்ஸ் இல்லாத, இரண்டிலும் ஓடும் பொது நிலை) வைத்துக்கொள்ளவா? தனித்தனி என்றால் எல்லாவற்றையும் இரண்டு முறை கட்ட வேண்டும். எஃப்எஃப்எம்பெக் (வீடியோ, ஆடியோவைக் கையாளும் மென்பொருள்) போன்றவை ஓடும்போதே பிராசஸரைப் பார்த்துத் தேவையான பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், அதில் பெரிய லாபம் இருக்காது. வேறு எந்தப் பேக்கேஜ்களில் உண்மையிலேயே வேகம் கூடியது? நேரம் அளந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.