சர்வருக்குள் போனதும் அது முதலில் என்ன சொல்லணும்?

சத்துவாச்சாரி ஆள்:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் ரூம் எல்லாம் கிடையாது, மாடிப்படிக்கு அடியில்தான் குடித்தனம். அக்னி நட்சத்திரத்தில் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழையும் வழி) போட்டு உள்ளே போனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது சூடு. லாகின் ஆனதும் உபுண்டு நீட்டுகிற ஹெல்ப் லிங்க்குகள் யாருக்கு வேணும்?

லாகின் ஆனதும் திரையில் வரும் அந்த வரவேற்புச் செய்திக்குப் பெயர் எம்ஓடிடி. ஈடிசி என்ற செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள் அதற்கென்றே அப்டேட்-எம்ஓடிடி.டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கு. அதிலுள்ள ஸ்கிரிப்டுகள் லாகின் ஆகும்போது எண் வரிசையில் ஓடும். 10-ஹெல்ப்-டெக்ஸ்ட், 50-எம்ஓடிடி-நியூஸ் இரண்டுக்கும் சிஹெச்மாட் மைனஸ் எக்ஸ் போட்டு (ஓடும் அனுமதியைப் பிடுங்கும் கட்டளை) வாயை அடைத்துவிட்டு, 05 என்று ஆரம்பிக்கும் பெயரில் என்னுடையதை வைத்தேன். சிஸ், கிளாஸ், தெர்மல் வழியாகப் போனால் தெர்மல்_ஸோன்0, அதில் டெம்ப் என்ற ஃபைல். 61000 என்று இருந்தால் 1000-ஆல் வகுக்கணும், 61 டிகிரி. (விர்ச்சுவல் மெஷினில், அதாவது சாஃப்ட்வேரில் உருவாக்கிய கம்ப்யூட்டரில், பெரும்பாலும் இது இருக்காது.) 75-ஐத் தாண்டினால் சிவப்பில் "ஏசி போட்டாச்சா?" என்று கேட்கும். கூடவே டிஸ்க் இடம், அப்டைம் (சர்வர் ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆச்சு என்பது). அப்டைம் திடீரென்று குறைந்திருந்தால் ராத்திரி கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிரித்திருக்கும் என்று பெரும்பாலும் முடிவு கட்டிடலாம்.

காட்பாடி தம்பி:
இன்னாண்ணா, அப்படியே செஞ்சேன், ஒண்ணுமே வரல. ஃபைல் பேரு 05-ஹீட்.எஸ்ஹெச்.

சத்துவாச்சாரி ஆள்:
இந்த ஸ்கிரிப்டுகளை வரிசையா ஓட்டுறது ரன்-பார்ட்ஸ்னு ஒரு புரோகிராம், பேர்ல புள்ளி இருந்தா அது சீண்டாது தம்பி. புள்ளியோட சேர்த்து எஸ்ஹெச்சைத் தூக்கு, எக்ஸிக்யூட் பர்மிஷனும் (ஓடும் அனுமதி) கொடு.

ஆம்பூர்க்காரன்:
எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இதையே பேஷ்ஆர்சில (ஷெல் ஆரம்பிக்கும்போது ஓடுற ஃபைல்) எக்கோவா, அதாவது திரையில எழுதற கட்டளையா, போட்டு வெச்சிருந்தார். ஃபைல் அனுப்பற எஸ்எஃப்டிபி மொத்தமா படுத்துடுச்சு. ஃபைல் அனுப்பற பேச்சுக்கு நடுவுல இந்த வணக்கமும் கலந்துடும், எதிர்ப்பக்கம் குழம்பிடும். எம்ஓடிடில அந்தத் தொல்லை இல்ல. ஆனா இது ரூட்டா, எல்லா அதிகாரமும் உள்ள யூசரா, ஓடுற ஸ்கிரிப்ட், எழுதற உரிமையை எல்லாருக்கும் திறந்து விடாதீங்க. வெயில் நிலவரத்தை கர்ல் (நெட்டிலிருந்து எடுக்கற கட்டளை) போட்டு எடுக்கறதும் வேணாம். நெட் தொங்கினா லாகினும் தொங்கும். டிஸ்க் இடம் காட்டற டிஎஃப்புக்கு மைனஸ் எல் போடுங்க (இந்த மெஷினோட டிஸ்க்கை மட்டும் பார்க்கும்), செத்துப்போன என்எஃப்எஸ் மவுன்ட்ல, அதாவது நெட்வொர்க்ல இணைச்ச டிஸ்க்ல, மாட்டிக்காது.

காட்பாடி தம்பி:
வந்துடுச்சுண்ணா! ஆனா புட்டில (விண்டோஸ்ல எஸ்எஸ்ஹெச் போடற புரோகிராம்) தமிழ் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்குது.

சத்துவாச்சாரி ஆள்:
டெர்மினல்ல பெரும்பாலும் அப்படித்தான். நானும் இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழை எழுதி வெச்சிருக்கேன். தினமும் பார்த்து சலிச்சா உன் ஹோம் ஃபோல்டர்ல .ஹஷ்லாகின்னு காலி ஃபைல் ஒண்ணு போடு, உனக்கு மட்டும் வராது.