ஐந்தாம் மாதம், பழைய உடுப்பு எதுவும் சேரவில்லை. சிங்கப்பூரில் எங்கே, எவ்வளவு வாங்கலாம்?

செங்காங் மீனா:
அக்காமார்களே, இது எனக்கு முதல் குழந்தை, 20 வாரம் ஆகிறது. ஆபீஸ் கால்சட்டையின் பொத்தானைப் போட முடியாமல் ரப்பர் பேண்ட் மாட்டி மேலே நீளச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு போகிறேன். அதைவிடக் கஷ்டம் பிராதான். கம்பி வைத்தது, சாயங்காலம் கழற்றினால் மார்புக்குக் கீழே சிவப்பாகத் தடம் விழுந்து எரிகிறது. அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார், எட்டாம் மாதம்தான் வருவார், போனில் இதையெல்லாம் விளக்கிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எத்தனை வாங்குவது, என்ன அளவு வாங்குவது? ஏழாம் மாதம் வளைகாப்பு வேறு, சேலை கட்ட வேண்டும்.

உட்லண்ட்ஸ் அக்கா:
மீனா, கூச்சப்படாதேம்மா, இங்கே எல்லோரும் இதைத் தாண்டி வந்தவர்கள்தான். முதலில் அந்தக் கம்பி பிராவை எடுத்து வைத்துவிடு. வயிறு வளரும்போது விலா எலும்பும் விரியும், அதனால் மார்பு மட்டுமில்லை, கீழ்ச்சுற்றும் கூடும். கம்பியில்லாத பருத்தி பிரா மூன்று போதும், இப்போது வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது இறுக்கமான கொக்கியில், பொருந்துகிற மாதிரி எடு, போகப் போகத் தளர்த்திக்கொள்ளலாம். பால் கொடுக்கும் பிராவை இப்போதே வாங்கிக் குவிக்காதே. ஒன்பதாம் மாதம் போய் வாங்கு, அப்போது தளர்ந்த கொக்கியில் பொருந்த வேண்டும், ஏனென்றால் பிரசவத்துக்குப் பிறகு விலா திரும்பச் சுருங்கும். நான் முதல் குழந்தைக்கு ஐந்தாம் மாதமே ஆறு பால் பிரா வாங்கினேன், ஒன்றுகூடச் சேரவில்லை.

ஜட்டிக்கு வருவோம். வயிற்றுக்குக் கீழே நிற்கிற மாதிரி, அடியில் பருத்தித் துணி வைத்தது. இந்த ஊர் வெக்கையும் வியர்வையும் உனக்குத் தெரியும், கர்ப்பத்தில் வெள்ளைப்படுதலும் கூடும், நைலான் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். கூடுதலாக நான்கைந்து வைத்துக்கொண்டு மத்தியானம் ஒருமுறை மாற்று. அரிப்போ வாடையோ வந்தால் துணி மேல் பழி போடாமல் டாக்டரிடம் சொல்லிவிடு, பூஞ்சைத் தொற்று கர்ப்பத்தில் எளிதாக வரும். அப்புறம் இடுப்புக்கு மேலே ஏறுகிற பெரிய ஜட்டி ஒரு மூன்று வாங்கி ஆஸ்பத்திரிப் பையில் போடு, சிசேரியன் ஆனால் தையல் மேல் எலாஸ்டிக் உரசாது.

தேக்கா ரசிகை:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. வெளி உடைக்கு நான் சொல்கிறேன். யூனிக்ளோவில் கர்ப்பிணிகளுக்கான லெக்கிங்ஸ் உண்டு, எச் அண்ட் எம் கடையில் 'மாமா' (Mama, அதாவது அம்மா) என்றே கர்ப்பிணிகளுக்குத் தனி வரிசை இருக்கிறது. ஆபீசுக்கு இரண்டு கால்சட்டை போதும், மேலே உன்னிடம் இருக்கும் தொளதொள குர்த்தாவையே போடு. வீட்டுக்குத் தேக்கா சென்டர் மேல் மாடிக்குப் போய்ப் பருத்தி நைட்டி எடு, முன்பக்கம் ஜிப் வைத்ததாகவே பார், பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கவும் அதுதான். முஸ்தபா கடையிலும் கிடைக்கும்.

வளைகாப்புச் சேலைக்குப் பட்டுத் துணியைவிட உள்பாவாடைதான் முக்கியம். நாடாவை எடுத்துவிட்டு அகல எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல், வயிற்றுக்குக் கீழே நிற்கும். ஜாக்கெட்டை விழாவுக்குப் பத்து நாள் முன்னால் அளவு கொடு, ரொம்ப முன்னால் கொடுத்தால் கையே நுழையாது.

ஜூரோங் அப்பா:
ஆண் பதில் சொல்வதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கு ஆறாம் மாதத்துக்குப் பிறகு பாதம் வீங்கியது, அரை அளவு பெரிய தட்டைச் செருப்பு வாங்கினோம், அது பெரிய ஆறுதல். திடீரென்று முகமோ கையோ வீங்கினால் மட்டும் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஆபீஸ் ஏர்கானுக்கு ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். வெளி உடைகளில் பாதியைக் கரோசல் என்கிற பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் வாங்கினோம், நான்கு மாதம் போட்ட துணி புதிதாகவே இருக்கும். உள்ளாடை மட்டும் புதிதாக வாங்கினோம். வீட்டுக்காரரையும் கடைக்கு அழைத்துப் போங்கள், பை தூக்கவாவது ஓர் ஆள் வேண்டும்.

செங்காங் மீனா:
படித்துவிட்டு அழுகையே வந்துவிட்டது, நன்றி. பால் பிரா நான்கு இணையத்தில் ஆர்டர் போட்டு வைத்திருந்தேன், இப்போதுதான் ரத்து செய்தேன். சனிக்கிழமை அவரோடு தேக்கா போகிறேன். தேக்கா அக்கா, எலாஸ்டிக் வைத்துத் தைப்பவர் மேல் மாடியிலேயே இருக்கிறாரா, இல்லை வெளியே தேட வேண்டுமா?

தேக்கா ரசிகை:
மேல் மாடியிலேயே தையல்காரர்கள் இருக்கிறார்கள்மா. பழைய பாவாடையைக் கையோடு கொண்டு போ, காலையிலேயே போய்விடு, மத்தியானம் கூட்டம் தாங்காது.