செவன் டெட்லி சின்ஸ்: மூன்றாம் சீசனுக்குப் பதில் மங்கா வாசிக்கலாமா?

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் மாங்குளம் பக்கம். ஜப்பானிய மங்காவை (படக்கதையை) வைத்து எடுத்த ‘செவன் டெட்லி சின்ஸ்’ அனிமேஷன் தொடரை நானும் அக்காவின் மகனும் ஒன்றாகப் பார்த்து வருகிறோம். 2014இல் வந்த முதல் சீசனும் 2018இல் வந்த இரண்டாவதும் ஏ-1 பிக்சர்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனம் செய்தவை. சண்டைகளில் அடி விழுந்தால் அதன் பாரம் தெரியும்.

2019இல் தொடங்கிய மூன்றாம் சீசன் ஸ்டூடியோ டீனின் கைக்கு மாறியது. வரைதல் மிகவும் பலவீனம். இரத்தம்கூட வெள்ளையாக வருகிறது. எனக்குத் தாங்கவே முடியாதது கதாநாயகன் மெலியோடஸுக்கும் அவனுடைய கூட்டாளி எஸ்கனோருக்கும் நடக்கும் சண்டைதான். வெயில் ஏற ஏற எஸ்கனோரின் பலம் ஏறி, உச்சிப்பொழுதில் அவனை வெல்ல ஆளில்லை என்ற நிலை வரும். வன்னி வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அவனைப் பிடிக்காமல் இருக்குமா? அந்தச் சண்டைக்காக எவ்வளவு காத்திருந்தோம்! முகங்கள் கோணி, அசைவே இல்லாமல் முடிந்துவிட்டது. மருமகன் மேற்கொண்டு பார்க்க மாட்டேன் என்கிறான். கதை நல்ல கதை, அவன் அதை விடக்கூடாது.

நகாபா சுசுகியின் மங்கா 41 தொகுதிகளோடு 2020இல் முடிந்துவிட்டது. இரண்டாம் சீசன் முடிந்த இடத்திலிருந்து வாசிக்க எந்தத் தொகுதியில் தொடங்க வேண்டும்? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாரிடமாவது இருந்தால் இரவல் தருவீர்களா? பக்கம் மடங்காமல் திருப்பித் தருவேன். அப்புறம், 2021இல் வந்த நான்காம் சீசனைப் பார்த்தவர்கள் அதில் சண்டைகள் தேறுமா என்றும் சொல்லுங்கள். கதையின் முடிவை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், அவனும் இதை வாசிப்பான்.